சிவப்புப் பொட்டு வைத்த கார்டுகள்

சுகாதார அமைச்சிலிருந்து கடிதம் வந்த அன்று எங்கள் டாக்டர் செய்த முதல் காரியம் குப்பைத்தொட்டி வாங்கப் போனது. காலால் மிதித்தால் மூடி திறக்கும் தொட்டிகள், மூன்று. முஸ்தபா கடையிலிருந்து ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி அவரே தூக்கிக்கொண்டு வந்தார். இனிமேல் யாரும் மூடியைக் கையால் தொடக்கூடாது என்று என்னைப் பார்த்துச் சொன்னார். இருபத்தாறு வருஷமாக அதே மூடியைக் கையால் திறந்து, அடுத்த நிமிஷமே கையைக் கழுவிக்கொண்டு நிற்பவள் நான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

கோபம் எனக்குப் புதிதில்லை. லூர்து மாதா கோவிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்காலிட்டால், குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடும் ஃபாதர், "இந்த வாரம் யார்மேல?" என்று கேட்பார். அந்த வாரம் கடிதத்தின்மேல். மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டு அதிகாரிகள் வந்து கிளினிக்கின் தரத்தையும் பாதுகாப்பையும் சோதிப்பார்கள், அதைப் பொறுத்துத்தான் உரிமம் நீட்டிக்கப்படும் என்று எழுதியிருந்தது. என்னைச் சோதிக்க இவர்கள் யார் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது.

எங்கள் கிளினிக் சிராங்கூன் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், பூக்கடைக்கும் ஃபோன் கடைக்கும் நடுவில் இருக்கிறது. மொத்தம் மூன்று பேர். டாக்டர் முத்துசாமி, மருந்து கவுண்டரில் நான், முன்கவுண்டரில் கம்ப்யூட்டரோடு ரோஷினி. ரோஷினிக்கு இருபத்தைந்து வயது, வந்து மூன்று வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருப்போம். ஊரிலிருந்து வந்திருக்கும் வேலையாட்களுக்கு அந்த ஒரு நாள்தான் லீவு, லிட்டில் இந்தியாவுக்கு வந்து காய்கறியோடு சேர்த்து காய்ச்சலுக்கும் மருந்து வாங்கிக்கொண்டு போவார்கள்.

ரோஷினி சோதனைக்கான பட்டியலைப் பிரிண்ட் எடுத்தாள். பதினொரு பக்கம். அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் போட்ட ஆட்டத்தைப் பார்க்கவேண்டும். தடுப்பூசி வைக்கும் ஃபிரிட்ஜிலிருந்து டாக்டரின் தயிர்சாத டப்பா வெளியே வந்தது. அதே ஃபிரிட்ஜில் சாயங்காலம் தலையில் வைத்துக்கொள்ள அவளே ஒளித்து வைத்திருந்த மல்லிகைப்பூவும் வெளியே வந்தது. ஃபிரிட்ஜின் வெப்பநிலையை நாளுக்கு இரண்டு தடவை எழுத ஒரு தாள், அவசர மருந்துப் பெட்டியில் எது எப்போது காலாவதியாகும் என்று ஒரு தாள். எழுதாமல் விட்டது பூக்கடைப் பூனையை மட்டும்தான்.

ஏழாம் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது. எந்த நோயாளிக்கு எந்த மருந்து ஆகாது என்று எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள்? கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று ரோஷினி டிக் போட்டாள். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். கம்ப்யூட்டருக்கு முன்னால் அது எங்கே இருந்தது என்று இவளுக்கு என்ன தெரியும்?

அது பொட்டில் இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் அம்மாவுக்கு ஆகாத மருந்தை டாக்டர் எழுதிவிட்டார். நோயாளி விவரம் எழுதி வைக்கும் கார்டின் மூலையில் பொடி எழுத்தில் எழுதியிருந்ததை அவர் பார்க்கவில்லை, நான் பார்த்துத் தடுத்தேன். அன்று சாயங்காலமே கேம்பல் லேன் கடையில் போய் ஸ்டிக்கர் பொட்டு மூன்று அட்டை வாங்கினேன். கிறிஸ்துவச்சி பொட்டு வாங்குகிறாளே என்று கடைக்காரம்மா ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பென்சிலின் ஆகாதவர்களின் கார்டுக்கு நெற்றியில் சிவப்புப் பொட்டு. சல்ஃபா மருந்து ஆகாதவர்களுக்குப் பச்சை. ஆஸ்பிரின் மாதிரி வலி மாத்திரை ஆகாதவர்களுக்குக் கறுப்பு. கார்டை எடுத்தாலே கண்ணில் படும். டாக்டர் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். புது நோயாளி வந்தால் நானே கேட்பேன், நானே ஒட்டுவேன். நாளடைவில் டாக்டர் கார்டைக்கூடப் பார்ப்பதில்லை, என் முகத்தைப் பார்ப்பார்.

இரண்டு வருஷத்துக்கு முன் எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறியது. மருந்துச் சீட்டு பிரிண்டாகி என் கவுண்டருக்கு வரும், நான் எடுத்துக் கொடுப்பேன். மாதத்துக்கு ஐந்தாறு தடவையாவது ஆகாத மருந்து வரும். சீட்டை எடுத்துக்கொண்டு நேரே டாக்டர் அறைக்குப் போய், "இவருக்கு இது ஆகாதே" என்பேன். "ஐயோ, ஆமா" என்று மாற்றிக் கொடுப்பார். டாக்டருக்கு வயதாகிறது, ஸ்கிரீனில் இருப்பதைப் பார்க்கவும் மறந்துபோகிறார் என்று நினைத்துக்கொள்வேன். நான் இல்லாவிட்டால் இந்த கிளினிக் என்ன ஆகும் என்றும் நினைத்துக்கொள்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது, மறைப்பானேன்.

சோதனைக்கு இரண்டு நாள் முன்னால் வந்த ஞாயிற்றுக்கிழமை நான் லீவு. பிடோக்கில் என் தம்பி மகள் கிளாரிசாவுக்கு நிச்சயம். நான் கடைசியாக ஞாயிற்றுக்கிழமை லீவு எடுத்தது கம்ப்யூட்டர் வருவதற்கு முந்தி.

திங்கள் காலை முந்தின நாள் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தேன். அதில் ஒன்று திலீப்புடையது. தொண்டைப் புண், காய்ச்சல். அமாக்சிசிலின், ஏழு நாளைக்கு. மருந்து கொடுத்தவர் இடத்தில் ரோஷினியின் கையெழுத்து.

திலீப் கிராஞ்சியில் செடி வளர்க்கும் பண்ணையில் வேலை பார்ப்பவன், புதுக்கோட்டைப் பக்கம். நாலு வருஷத்துக்கு முன் முதல் தடவை வந்தபோது, ஊரில் ஒரு ஊசி போட்டு முகமெல்லாம் வீங்கி மூச்சு அடைத்துப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்று சொன்னான். பென்சிலின் ஊசி. அவன் கார்டில் சிவப்புப் பொட்டு ஒட்டியது இந்தக் கைதான். அமாக்சிசிலினும் பென்சிலின் குடும்பம்தான்.

ரோஷினியைக் கூப்பிட்டுக் கம்ப்யூட்டரில் அவன் பெயரைத் தட்டச் சொன்னேன். ஆகாத மருந்து: எதுவும் இல்லை. பச்சைப் பொட்டு வைத்த சையத் ஆல்வி ரோட்டுத் தையல்காரர் பெயரைத் தட்டச் சொன்னேன். எதுவும் இல்லை. கறுப்புப் பொட்டு வைத்த சம்சுன்னிசா அம்மா. எதுவும் இல்லை. பத்துப் பெயர் சொன்னேன், பத்திலும் அதுவேதான். இரண்டு வருஷமாக டாக்டர் ஒன்றையும் மறக்கவில்லை. ஸ்கிரீனில் ஒன்றுமே இல்லை.

டாக்டர் திலீப்புக்கு ஃபோன் போட்டார். ஃபோன் அணைத்திருந்தது. பண்ணையின் நம்பர் எங்களிடம் இல்லை, விலாசம் மட்டும்தான் இருந்தது. காத்திருந்தவர்கள் பதினாலு பேர், டாக்டர் நகர முடியாது. வேறு மருந்தை ஒரு பையில் போட்டு என்னிடம் கொடுத்து, முகத்திலோ மூச்சிலோ ஏதாவது தெரிந்தால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடு என்றார்.

கிராஞ்சி ஸ்டேஷனில் இறங்கினால் பஸ் வர இருபத்தைந்து நிமிஷம் என்று போர்டு சொன்னது. டாக்சி பிடித்தேன். போகும் வழியெல்லாம் ஜெபமாலை சொன்னேன், பாதி வழியில் எண்ணிக்கை தவறி முதலிலிருந்து சொன்னேன். டாக்சிக்காரர் பயந்துபோய் ரேடியோவை நிறுத்திவிட்டார்.

பண்ணையில் வரிசை வரிசையாகக் காகிதப்பூச் செடிகள். கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒருவன் குனிந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். முகம் வீங்கவில்லை. என்னைப் பார்த்ததும் குழாயைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தான், அவன் ஊரில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டான் பாவம்.

"மாத்திரை சாப்பிட்டியா?"

"இல்லக்கா."

ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டேன்.

"நேத்து கவுண்டர்ல நீங்க இல்ல. அந்தப் பொண்ணு குடுத்துச்சு. நீங்க பார்த்துக் குடுத்தாத்தான்க்கா நான் சாப்பிடுவேன். அடுத்த ஞாயிறு உங்ககிட்ட காட்டிட்டு சாப்பிடலாம்னு வச்சிருக்கேன்."

ராத்திரி முழுக்கக் காய்ச்சலில் கிடந்து, உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டுக் காலையில் வேலைக்கு வந்திருக்கிறான். அதைப் பெருமையாகச் சொன்னான். என்னைப் புகழ்வதாக நினைத்துச் சொன்னான். முந்தின நாள் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் நான் ஒரு வாரத்துக்கு மிதந்திருப்பேன். அந்த வெயிலில் அதைக் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் சில்லிட்டுப்போனது. அவனுக்குக் கொஞ்சம் தைரியம் இருந்திருந்தால் செத்திருப்பான். தைரியம் இல்லாததால் ஒரு வாரம் மருந்தே இல்லாமல் கிடக்க இருந்தான். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், எல்லாம் என் தலைக்குள்ளேயே இருந்தது.

பாதி சிவப்பு பாதி மஞ்சளாக இருந்த அந்த கேப்சூல் பாக்கெட்டை வாங்கிக்கொண்டேன். புது மருந்தில் முதல் மாத்திரையை என் கண்முன்னால் விழுங்க வைத்தேன். இனி யார் கொடுத்தாலும், நானே கொடுத்தாலும், எனக்குப் பென்சிலின் ஆகாது என்று நீதான் முதலில் வாயைத் திறந்து சொல்லவேண்டும் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

ரயிலில் உட்லண்ட்ஸில், எல்லை தாண்டி ஜோகூரிலிருந்து வரும் கூட்டம் ஏறியது. யாரோ எழுந்து எனக்கு இடம் கொடுத்தார்கள். உட்கார்ந்ததும்தான் அது ஞாபகம் வந்தது. மறந்திருந்தேன் என்று சொல்ல முடியாது, எடுத்துப் பார்க்காமல் வைத்திருந்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் கார்டுகளை ஸ்கேன் செய்ய ஒரு கம்பெனி வந்து தூக்கிக்கொண்டு போனது. கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்து, கார்டுகளைப் பெட்டியோடு திருப்பித் தந்தார்கள். சிவப்பு, பச்சை, கறுப்பு மூன்றும் ஒரே கறுப்புப் புள்ளியாகிவிட்டது. அதைப் பார்த்து ரோஷினி விவரங்களைத் தட்டிக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டர் மேசைக்கு இடம் வேண்டும் என்று, நான் இருபத்து நாலு வருஷம் உட்கார்ந்த நாற்காலியை அன்று காலைதான் பின்னறைக்குத் தள்ளியிருந்தார்கள். நான் கொதித்துக்கொண்டிருந்தேன். ஆன்ட்டி, இந்தப் புள்ளி எதுக்கு என்று ரோஷினி வந்து கேட்டாள். "பொட்டு. பொட்டு தெரியாதா உனக்கு? போய் உன் கம்ப்யூட்டரைக் கேளு" என்றேன். அவள் மறுபடி கேட்கவில்லை. எதுவும் இல்லை என்று ஸ்கிரீனில் ஏற்கெனவே இருந்ததை அப்படியே விட்டுவிட்டாள்.

நான் திரும்பி வந்தபோது ரோஷினி மருந்து அலமாரிக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள். ஸ்கிரீனைப் பார்த்துத்தான் கொடுத்தேன் ஆன்ட்டி, ஒன்றும் இல்லை என்றுதான் இருந்தது என்று மட்டும் சொன்னாள். நான் உங்களைக் கேட்டேனே என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், மனசு கொஞ்சம் லேசாகியிருக்கும்.

மத்தியானம் கதவைச் சாத்திவிட்டு மூவரும் உட்கார்ந்தோம். பொட்டின் நிறங்களை ஒரு தாளில் எழுதி இரண்டு கவுண்டரிலும் ஒட்டினோம். இனி வருகிற ஒவ்வொருவரையும் வாயால் கேட்காமல் ஒரு மாத்திரையும் கொடுப்பதில்லை, கார்டுப் பெட்டியைத் திறந்து பார்க்காமல் டாக்டர் எழுதுவதில்லை என்று முடிவு செய்தோம். மிச்சம் இருந்தது மறுநாள் வரப்போகும் அதிகாரிகள். டாக்டர் குனிந்து புதுக் குப்பைத்தொட்டியையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"நான் பொய் சொல்ல மாட்டேன், அல்போன்சம்மா. ஆனா அவங்க கேக்காததை நாமளா சொல்லணுமா? மூடச் சொல்லிட்டா ஞாயித்துக்கிழமை இவங்கல்லாம் எங்க போவாங்க?"

அதில் நியாயம் இல்லாமலில்லை. எனக்கும் அறுபது நெருங்குகிறது, மரியாதையாக வீட்டுக்குப் போகவேண்டும் என்ற ஆசை இருந்தது. அன்றிரவு நான் ஒரு முடிவும் எடுக்கவில்லை. தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள், தூக்க மாத்திரை இல்லாமல் தூங்கினேனே தவிர நன்றாகத் தூங்கவில்லை.

செவ்வாய் காலை ஒன்பது மணிக்கு வந்தார்கள். பேசியவர் ஷபானா, முப்பத்தைந்து வயது இருக்கும், மெல்லிய குரல். கூட வந்த சீனர் ஃபோட்டோ எடுத்துக்கொண்டே வந்தார். ஷபானா முதலில் ஆங்கிலத்தில் பேசினார், நான் திணறுவதைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினார். ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தார். பயன்படுத்திய ஊசிகளைப் போடும் மஞ்சள் டப்பா எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று பார்த்தார். அவசரப் பெட்டியில் ஒவ்வொரு மருந்தின் தேதியையும் பார்த்தார். குப்பைத்தொட்டியை மிதித்துக்கூடப் பார்த்தார், டாக்டர் முகம் மலர்ந்தது. ஒரு குறையும் இல்லை.

பிறகு ரோஷினியிடம் திரும்பி ஏழாம் பக்கக் கேள்வியைக் கேட்டார். ரோஷினி வாயைத் திறந்தாள். டாக்டரைப் பார்த்தாள். கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று அவள் சொன்னால் அது பொய். இல்லை என்று சொன்னால் ஞாயிற்றுக்கிழமைச் சீட்டில் இருப்பது அவள் கையெழுத்து. அவள் கழுத்து சிவந்துகொண்டே போனதை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"அந்தப் பிள்ளையக் கேக்காதீங்க. என்னைக் கேளுங்க" என்றேன்.

கார்டுப் பெட்டியை மேசைமேல் வைத்துப் பொட்டுக் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னேன். கேம்பல் லேன் கடை, மூன்று நிறம், ஸ்கேன், நாற்காலி, நான் ரோஷினிக்குச் சொன்ன பதில், திலீப், கிராஞ்சி. எதையும் விடவில்லை. சொல்லச் சொல்ல என் குரல் உயர்ந்துகொண்டே போனது, எனக்குப் பயம் வந்தாலும் கோபம் மாதிரிதான் வெளியே வரும். ஷபானா ஒரு கார்டை எடுத்துப் பொட்டை நகத்தால் லேசாகத் தடவிப் பார்த்தார்.

"எந்தக் கலருக்கு என்ன அர்த்தம்னு எங்க எழுதி வச்சிருந்தீங்க?"

நான் என் நெற்றியைத் தொட்டுக் காட்டினேன்.

அப்போது டாக்டர் எழுந்து நின்றார். தப்பு என்னுடையது என்றார். இரண்டு வருஷமாக இவர் வந்து சொல்லும்போதெல்லாம் மருந்தை மாற்றினேன், ஸ்கிரீன் ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று ஒரு நாளும் கேட்கவில்லை, கேட்க வேண்டியவன் நான்தான் என்றார். முந்தின நாள் குனிந்து உட்கார்ந்திருந்த மனிதர் அவர். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஷபானா வெகுநேரம் எழுதினார். கூட வந்தவரோடு வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார்.

"நீங்க சொல்லலன்னா இன்னிக்கு நான் இதைக் கண்டுபிடிச்சிருக்க மாட்டேன். அதுக்காக விட்டுடவும் முடியாது. பெரிய குறைன்னுதான் எழுதியிருக்கேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்க பொட்டுல தப்பு இல்லம்மா. நல்லாத்தான் வேலை செஞ்சிருக்கு. அது உங்க ஒருத்தருக்கு மட்டும் தெரிஞ்சதுதான் தப்பு."

மூடச் சொல்லவில்லை. ஆறு வாரத்துக்குள் ஒவ்வொரு கார்டையும் பார்த்துச் சரிசெய்து, நோயாளியிடமே கேட்டு உறுதிசெய்து எழுதித் தரவேண்டும், அதுவரை இப்போது ஒட்டியிருக்கும் தாளும் கேள்வியும் கட்டாயம் என்றார். கடைசியாக ஒரு நிபந்தனை சொன்னார். அந்த ஆறு வாரத்தில் கடைசி இரண்டு ஞாயிற்றுக்கிழமை நான் வேலைக்கு வரக்கூடாது. மறுபடி சோதிக்க வரும்போது அந்த இரண்டு நாள் சீட்டுகளைத்தான் முதலில் பார்ப்பேன் என்றார்.

எனக்கு வந்த கோபத்தை நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம். உண்மையைச் சொன்னதற்கு எனக்கே கதவடைப்பா என்று அன்று முழுக்கப் புலம்பினேன். ரோஷினி டீ வாங்கி வந்து வைத்தாள், சீனி குறைவாக, நான் குடிக்கிற மாதிரி.

மறுநாள் வேலை ஆரம்பமானது. மூவாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் கார்டுகள். நான் நிறத்தைச் சொல்ல, ரோஷினி தட்ட, டாக்டர் பொட்டுக்காரர்களை ஒவ்வொருவராக ஃபோனில் கூப்பிட்டுக் கேட்டார். நூற்று அறுபத்தொன்றில் பொட்டு இருந்தது. பத்தொன்பதில் பொட்டு உதிர்ந்து, பசை மட்டும் வட்டமாக நின்றது. அந்தப் பத்தொன்பதைப் பார்த்துத்தான் நான் உண்மையில் பயந்துபோனேன். நெற்றியைத் தொட்டுக் காட்டினேனே, அந்த நெற்றிக்குள்ளும் ஏழு பேரின் நிறம் இல்லை. கேட்டால் சத்தியம் செய்திருப்பேன், எனக்கு எல்லாம் தெரியும் என்று.

அந்த ஏழு பேரில் இரண்டு பேர் டாக்டரின் ஃபோனுக்குக் கிடைத்தார்கள், மிச்ச ஐந்து பேரை ரோஷினிதான் தேடிப் பிடித்தாள். அதில் ஒருவர் ஊருக்கே திரும்பிவிட்டார், வாட்ஸ்அப்பில் பிடித்து அவரையும் கேட்டாள். ஊருக்குப் போனவருக்கு எதற்கு என்றேன். திரும்பி வந்தால் என்றாள். அன்றைக்குத்தான் எனக்கு வாய் திறந்தது.

"நீ கேட்டப்பவே நான் சொல்லியிருக்கணும். மன்னிச்சுக்கோ."

அவள் கீபோர்டிலிருந்து கையை எடுக்கவில்லை. "அன்னிக்கு உங்க நாற்காலியத் தூக்கிட்டாங்கல்ல ஆன்ட்டி. நானா இருந்தா இன்னும் மோசமா சொல்லியிருப்பேன் லா" என்றாள்.

உரிமம் கிடைத்தது. டாக்டர் அதை ஃபிரேம் போட்டு மாட்டினார், யாருக்கும் தெரியாமல் மூன்று தடவை நிமிர்த்தி வைத்தார். இப்போது யார் பெயரைத் தட்டினாலும் ஆகாத மருந்து சிவப்பெழுத்தில் மேலே வந்து நிற்கிறது, மருந்துச் சீட்டிலும் அது அச்சாகிறது. சிவப்பு என் யோசனை. ஆனால் எனக்கு ஞாபகத்தில் நிற்பது உரிமம் வந்த நாள் அல்ல, அதற்கு முன்னால் நான் வேலைக்குப் போகாத இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை.

முதல் ஞாயிறு நான் வீட்டில் நிலைகொள்ளாமல் தவித்தேன். பூசையில் ஃபோனை மடியில் வைத்திருந்தேன். இரண்டாவது ஞாயிறு கிளாரிசா என்னை இழுத்துக்கொண்டு பிடோக் உணவங்காடிக்குப் போனாள். தேங்காய்ப்பாலும் ஐஸும் போட்ட செண்டோல் வாங்கி வைத்தாள். ஐஸ் கரைந்துகொண்டிருந்தது, நான் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிளினிக்கிலிருந்து ஒருவரும் கூப்பிடவில்லை. யாருக்கும் என்னிடம் ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

மூன்று மணி வாக்கில் ஒரு குரல் செய்தி வந்தது. திலீப்.

"அக்கா, பல்லுவலின்னு கிளினிக்குக்கு வந்தேன். அந்தப் பொண்ணு பேரு கேட்டுச்சு, பொறந்த தேதி கேட்டுச்சு, என்ன மருந்து ஆகாதுன்னும் கேட்டுச்சு. நான் பென்சிலின்னு சொன்னேன். ஆமா, இங்கயும் அதான் இருக்குன்னு ஸ்கிரீனத் திருப்பிக் காட்டுச்சு. வேற மாத்திரை குடுத்தாங்க. நீங்க இல்லக்கா. ஆனா நான் சாப்பிட்டுட்டேன்."

அதை மூன்று தடவை கேட்டேன். மனசுக்குள் ஏதோ ஒன்று சுருக்கென்று குத்தியது, இல்லை என்று சொல்ல மாட்டேன். பிறகு அடக்க முடியாமல் அழுகை வந்தது. கிளாரிசா பதறிப்போய் என்ன அத்தை என்றாள். ஒன்றுமில்லை, நான் இல்லாமலேயே ஒருத்தன் மாத்திரை சாப்பிட்டுவிட்டான் என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திலீப்புக்கு ஃபோன் போட்டேன். சாப்பாட்டுக்கு முன்னாலா, பின்னாலா என்று கேட்டேன். பின்னால்தான் அக்கா, அதையும் அந்தப் பொண்ணு சொல்லிவிட்டது என்றான். எனக்குத் திட்டுவதற்கு ஒன்றுமே மிச்சமில்லை. கரைந்துபோன செண்டோலைக் குடித்தேன், தித்திப்பாக இருந்தது.